தர்மபுரியில் இருந்து போய் இறங்கியவர்களுக்கு: உடம்புக்கு முடியவில்லை என்றால் எந்தக் கதவைத் தட்டுவது?

நம்ம ஊரில் காய்ச்சல் வந்தால் யோசிக்கவே வேண்டாம். பென்னாகரத்தில் இருந்தோ பாலக்கோட்டில் இருந்தோ பஸ் ஏறினால் தர்மபுரி, டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் அன்றைக்கே டாக்டர் பார்த்துவிடுவார், ஒரு ஊசி, மூன்று நாளைக்கு மாத்திரை. காசு இல்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இந்தப் பழக்கத்தோடுதான் நாம் எல்லோரும் விமானம் ஏறுகிறோம். லீவுக்கு ஊருக்கு வந்திருக்கும் என்னிடம் தம்பி தங்கைகள் கேட்பதும், போன வாரம் போய் இறங்கியவர்கள் வாட்ஸப்பில் கேட்பதும் ஒரே கேள்விதான்: “எந்த நாட்டில் வைத்தியம் மலிவு அண்ணா?” அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. நீங்கள் இருக்கும் நாட்டில் வைத்தியத்துக்கு முதல் கதவு எது, அதை எப்போது திறந்து வைக்க வேண்டும்?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இங்கிலாந்து போய் மூன்று மாதம் ஆகியும் ஜி.பி. எனப்படும் குடும்ப டாக்டரிடம் நான் பதிவு செய்யவில்லை. ஜனவரிக் குளிரில் 102 டிகிரி காய்ச்சல். இரவு ஒன்பது மணிக்கு ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன். அதிகாலை இரண்டரைக்குக் கூப்பிட்டார்கள். டாக்டர் பொறுமையாக நெஞ்சைக் கேட்டார், ஆக்சிஜன் அளவு பார்த்தார், தொண்டையைப் பார்த்தார், “வைரஸ் காய்ச்சல், பாரசிட்டமால் போட்டுக்கொண்டு தண்ணீர் நிறையக் குடியுங்கள்” என்று அனுப்பிவிட்டார். ஊசியும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஆத்திரம். ஆனால் அவர் செய்ததுதான் சரியான வைத்தியம், வைரஸுக்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. நான் போன கதவுதான் தப்பு. ஜி.பி.யிடம் பதிவு செய்திருந்தால், இல்லை அங்கே மருத்துவ ஆலோசனைக்கு இருக்கும் 111 என்ற எண்ணுக்குப் போன் போட்டிருந்தால், அந்த ஐந்தரை மணி நேரம் போர்வைக்குள் படுத்திருப்பேன்.

அதனால் இங்கிலாந்துக்குப் போனவர்கள் முதல் வாரமே ஜி.பி.யிடம் பதிவு செய்துவிடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. என்.எச்.எஸ். என்ற அந்த நாட்டு அரசு மருத்துவ சேவை இலவசம் என்று பலர் நினைக்கிறார்கள், ஆனால் நமக்கு அது முன்பணம் கட்டிய வைத்தியம். 2024 பிப்ரவரியில் இருந்து விசாவோடு சேர்த்துப் பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு வாங்குகிறார்கள். மூன்று வருட வேலை விசா என்றால் 3,105 பவுண்டு கிளம்பும் முன்பே போய்விட்டது. கட்டிய பணம் உங்களுடையது, கூச்சப்படாமல் போங்கள். அவசரமில்லாத ஆபரேஷனுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அது உண்மை. ஆனால் பெரிய நோய் வந்தால் நிலத்தை விற்க வேண்டியதில்லை என்ற நிம்மதியும் உண்மை, நான் அதைப் பெரிதாக மதிக்கிறேன்.

அமெரிக்கா வேறு கணக்கு. டாக்டர்கள், கருவிகள், சிகிச்சை எல்லாம் உயர்ந்த தரம், பில்தான் ஆளை உலுக்கும். சம்பளத்தில் பிரீமியம் பிடிப்பதோடு முடிவதில்லை. டிடக்டிபிள் என்று ஒரு தொகை, உதாரணத்துக்கு 3,000 டாலர் என்றால், அதுவரை பெரும்பாலான செலவு உங்கள் கையில் இருந்து. வருடத்துக்கு அதிகபட்சம் நீங்கள் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்ற வரம்பையும் பாலிசியில் தேடிப் பாருங்கள். டாக்டரிடம் நேரம் வாங்கும் முன்பு உங்கள் இன்ஷூரன்ஸ் நெட்வொர்க்கில், அதாவது அந்தக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்ட டாக்டர்கள் பட்டியலில், இருக்கிறாரா என்று கேளுங்கள். சளி, காய்ச்சல், சின்னக் காயத்துக்கு எமர்ஜென்சிக்கு ஓடாமல் அர்ஜென்ட் கேர் எனப்படும் சின்ன கிளினிக்குக்குப் போங்கள், செலவு பல மடங்கு குறையும். ஆனால் நெஞ்சுவலி மாதிரி ஏதாவது என்றால் பில்லை நினைத்துத் தயங்க வேண்டாம்: 1986ல் வந்த சட்டப்படி, காசு இருக்கிறதா என்று பார்த்து அவசரப் பிரிவில் உங்களைத் திருப்பி அனுப்ப முடியாது. பில் வந்தால் எதற்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள், லாப நோக்கமில்லாத மருத்துவமனைகளில் கட்டணச் சலுகைக்கு விண்ணப்பமும் உண்டு.

கனடாவில் அரசு மருத்துவக் காப்பீட்டு விதி மாகாணத்துக்கு மாகாணம் மாறும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நீங்கள் இறங்கிய மாதத்தின் மிச்ச நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் அந்தக் காப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளிக்குத் தனியாக ஒரு இன்ஷூரன்ஸ் எடுத்துவிடுங்கள். சிங்கப்பூருக்கு ஒர்க் பெர்மிட்டில் போகும் தம்பிகள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வருடத்துக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் டாலருக்கு உங்களுக்கு மருத்துவக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை, 2023 ஜூலையில் இருந்து அதுதான் விதி. துபாயிலும் கம்பெனிதான் எடுக்க வேண்டும், அதற்கென்று சம்பளத்தில் பிடிக்கக் கூடாது.

அப்புறம், பல். இது நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கென்றே சொல்வது. ஒகேனக்கல் குடிநீர் வருவதற்கு முன்பு போர் தண்ணீர் குடித்து வளர்ந்த பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், ஃப்ளூரைடு செய்த வேலை. வெளிநாட்டுப் பல் டாக்டரிடம் முதலிலேயே “என் ஊர்த் தண்ணீரில் ஃப்ளூரைடு அதிகம்” என்று சொல்லிவிடுங்கள். பல நாடுகளில் சாதாரண மருத்துவக் காப்பீட்டில் பல் வைத்தியம் வராது, சொத்தைப் பல் இருந்தால் ஊரிலேயே அடைத்துக்கொண்டு போவது நல்லது.

அப்பா அம்மாவைக் கூப்பிடும்போதுதான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இங்கிலாந்துக்கு விசிட்டராக வருபவர்களுக்கு அந்த 1,035 பவுண்டு கிடையாது, அதனால் ஆஸ்பத்திரியில் சேர்த்தால் என்.எச்.எஸ். செலவில் ஒன்றரை மடங்கு பில் வரும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சுகர், பிரஷரை மறைக்காதீர்கள், மறைத்தது தெரிந்தால் பணம் தர மாட்டார்கள்.

மாத்திரைக்கும் ஏற்பாடு வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது, இன்றைக்குப் பல வீட்டில் சுகர் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுகிறது. ஆறு மாதம் வெளியே இருக்கப்போகிறவர்களுக்கு அது தொடராது. டாக்டரிடம் சொல்லி மொத்தமாக வாங்கி, சீட்டோடு கைப்பையில் வையுங்கள். என் அப்பா வந்தபோது பாதி கிழிந்த அட்டையைக் காட்டி மருந்துக்கடையில் கேட்டோம், கம்பெனிப் பெயரை வைத்து அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மெட்ஃபார்மின், அம்லோடிபின் மாதிரி உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்கள்தான் எங்கேயும் செல்லும். அட்டையைக் கிழிக்கும் முன்பு அந்தப் பொடி எழுத்தைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.