கழுதைக்குச் சிரைவழி மயக்கம்: கணக்கும் கைப்பக்குவமும்

குதிரைக்குப் பழகிய கை கழுதையிடம் தடுமாறுவது இரண்டு இடங்களில். மயக்க மருந்தான கெட்டமினைக் கழுதையின் உடல் வேகமாகக் கரைத்துவிடும். அறுவை பாதியில் இருக்கும்போதே விலங்கு கால் உதறும். தசையைத் தளர்த்தும் குவைஃபெனெசினோ கழுதையின் மூச்சைக் குதிரையைவிட எளிதாக அடக்கிவிடும். ஒன்றை அடிக்கடி கொடுக்க வேண்டும், மற்றதில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

முதலில் எடை. குதிரைக்கான அளவு நாடா கழுதைக்குப் பொருந்தாது. மார்புச் சுற்றளவையும் தோள் உயரத்தையும் சென்டிமீட்டரில் எடுத்து, சுற்றளவின் 2.575 அடுக்கை உயரத்தின் 0.240 அடுக்கால் பெருக்கி 3968-ஆல் வகுத்தால் வளர்ந்த கழுதையின் எடை கிலோவில் வரும். சுற்றளவு 115, உயரம் 104 என்றால் சுமார் 155 கிலோ. கைப்பேசிக் கணிப்பானே போதும்.

இரவு முழுக்கப் பட்டினி போடாதீர்கள். தீனி நின்றாலோ மனம் கலங்கினாலோ இரத்தத்தில் கொழுப்பு ஏறி உயிரையே வாங்கும் ஹைப்பர்லிப்பீமியா கழுதைக்கு எளிதில் வரும். பருத்த பெண் கழுதைக்கு இன்னும் எளிது. கூடவே திரியும் துணைக் கழுதையைப் பிரிப்பதும் இதே ஆபத்துதான். மயக்கம் ஏறும்வரை அது கண்ணெதிரே நிற்கட்டும், எழும்போதும் பக்கத்தில் இருக்கட்டும். நீரிழப்பைக் கண்டுபிடிக்க இரத்த அணுக்களின் விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள்; நீரிழப்பு முற்றும்வரை அது உயராது.

அடுத்தது கதீட்டர், அதாவது சிரைக்குள் வைக்கும் மென்குழாய். கழுத்துச் சிரையின் நடுப்பகுதியை இங்கே தடித்த தோல்தசை மூடியிருக்கும், தோலும் கெட்டி. எனவே மேல் மூன்றில் ஒரு பங்கையோ கீழ்ப் பகுதியையோ தேர்ந்து, மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் போட்டுத் தோலில் சிறு கீறல் இட்டு, குதிரைக்கு வைப்பதைவிடச் செங்குத்தாக 14 கேஜ் கதீட்டரைச் செலுத்துங்கள். இரத்தம் கருஞ்சிவப்பாக மெல்ல வழிய வேண்டும். துடித்துப் பீறிட்டால் அது தமனி. அதில் சைலசின் (முதலில் கொடுக்கும் அமைதிப்படுத்தும் மருந்து) போனால் விலங்கு அந்த நொடியே வலிப்பில் விழும். குவைஃபெனெசின் சிரைக்கு வெளியே கசிந்தால் திசு வெந்துவிடும். அதனால் ஊசியால் மட்டும் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம்.

150 கிலோ கழுதைக்குக் கணக்கு இது. சைலசின் கிலோவுக்கு 1.1 மி.கி., அதாவது 165 மி.கி.; மில்லிக்கு 100 மி.கி. உள்ள மருந்தில் 1.65 மில்லி. வலியடக்க பியூட்டார்ஃபனால் கிலோவுக்கு 0.02 மி.கி. சேர்க்கலாம், 3 மி.கி. ஆகும். கொடுத்த பின் ஐந்து நிமிடம் யாரும் தொடக் கூடாது, பேசவும் கூடாது. தலை தாழ்ந்து, உதடு தொங்கி, தட்டினாலும் அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நிற்கவில்லை என்றால் சைலசினில் பாதியை மறுபடி கொடுத்துக் காத்திருங்கள். கெட்டமினை அவசரப்பட்டு ஏற்றினால் விறைப்பும் துள்ளலும்தான் மிஞ்சும். கழுதை கலவரத்தை வெளிக்காட்டாமல் நிற்கும் பிராணி. அசையாமல் நிற்பதை மயக்கம் என்று எண்ணி ஏமாறுவது சுலபம், தலையின் உயரத்தைப் பாருங்கள். (கோவேறு கழுதைக்குச் சைலசின் கிலோவுக்கு 1.6 மி.கி. வரை தேவைப்படும்.)

பிறகு தசையைத் தளர்த்த டயசிபாம் கிலோவுக்கு 0.05 மி.கி. (7.5 மி.கி.), கெட்டமின் கிலோவுக்கு 2.2 மி.கி. (330 மி.கி., மில்லிக்கு 100 மி.கி. மருந்தில் 3.3 மில்லி), இரண்டும் அடுத்தடுத்து. ஒன்றிரண்டு நிமிடத்தில் படுத்துவிடும். கையில் இருப்பது பத்துப் பதினைந்து நிமிடம். குட்டை இனக் கழுதையில் அதைவிடக் குறைவு. விதை நீக்கம் என்றால் ஒவ்வொரு விதையிலும் 2% லிக்னோகெய்ன் 10 மில்லி போட்டுவிடுங்கள். மயக்கத்தின் பாதிச் சுமையை அது தாங்கும். கழுதையின் விதைநாளங்கள் பெரியவை, கட்டாமல் விட்டால் இரத்தம் நிற்பது கடினம். அந்த முடிச்சுக்கான நேரத்தையும் கணக்கில் சேருங்கள். மயக்கத்தை நீட்டிக்கும் கூடுதல் தவணையை முன்னரே சிரிஞ்சில் ஏற்றி வையுங்கள்: கெட்டமின் 1.6 மில்லி, சைலசின் 0.8 மில்லி. பத்தாவது நிமிடம் கடிகாரத்தைப் பார்த்துக் கொடுக்க வேண்டியது இது. கால் அசைந்த பிறகு கொடுத்தால் பிந்திவிட்டது.

அரைமணிக்கு மேல் ஆகும் என்று தெரிந்தால் முக்கலவைச் சொட்டு நல்லது. 5% குவைஃபெனெசின் 250 மில்லியில் கெட்டமின் 500 மி.கி., சைலசின் 125 மி.கி. குதிரைக்குக் கலப்பதைப்போல் இரு மடங்கு கெட்டமின் இது. வேகம் கிலோவுக்கு மணிக்கு 1.1 மில்லி: 150 கிலோவுக்கு மணிக்கு 165 மில்லி. மில்லிக்கு 20 சொட்டு விழும் குழாயில் நிமிடத்துக்கு 55 சொட்டு. மயக்கத்தின் ஆழம் போதவில்லை என்றால் சொட்டைத் திறந்துவிடுவதைவிட, கெட்டமினைத் தனியாகச் சிறிது கொடுப்பதே மேல். குளிரில் குவைஃபெனெசின் உறைந்து படிகமாகும், வெதுவெதுப்பாக்கித் தெளிந்தபின் பயன்படுத்துங்கள். ஒரு மணி நேரத்தோடு நிறுத்திவிடுவது நல்லது; நீடித்தால் மருந்து தேங்கி எழுவது தள்ளாட்டமாகும்.

ஆழத்தைக் கண் அசைவை வைத்து மட்டும் முடிவுசெய்ய முடியாது. கெட்டமினில் இமை துடிப்பதும் சகஜம். மூச்சின் எண்ணிக்கை, நாடியின் வலு, முடிந்தால் வாலில் கட்டும் பட்டையில் இரத்த அழுத்தம், இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். சராசரி அழுத்தம் 70 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே இறங்கக் கூடாது. மூச்சு நின்றால் முதல் வேலை சொட்டை மூடுவது. அடுத்தது மூச்சுக்குழாய்க்குள் இடும் குழாய். கழுதையின் நாசி குறுகல், குரல்வளை பின்னோக்கிச் சாய்ந்தது; குதிரைக்குப் போடுவதைவிடச் சிறிய குழாய்கள் இரண்டு மூன்று அளவில் தயாராக இருக்கட்டும், தலையை நன்கு நீட்டிப் பிடிக்க ஒருவரும் வேண்டும்.

படுத்ததும் தலைக்கயிற்றைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் முகநரம்பு நசுங்கும். கீழே இருக்கும் முன்காலை முன்னோக்கி இழுத்து வையுங்கள், கண்ணில் களிம்பு இட்டுத் துணியால் மூடுங்கள். கழுதை குதிரைபோல் தடாலென்று எழாது. நெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்து, பல சமயம் மாட்டைப்போலப் பின்புறத்தை முதலில் தூக்கும். பிடித்து எழுப்பத் தேவையில்லை. வலிக்கு ஃப்ளூனிக்சின் கிலோவுக்கு 1.1 மி.கி.; மெலாக்சிகாம் கழுதை உடலில் மிக வேகமாக வெளியேறிவிடும் என்பதால் அதை நம்ப வேண்டாம். நின்றதும் துணையிடம் விட்டு, விழுங்குவது சரியாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் புல் கொடுங்கள். அன்று மாலைக்குள் தின்னாத கழுதைக்கு இரத்தக் கொழுப்பைப் பரிசோதியுங்கள்.