கிளவுட் தரும் பேக்கப் போதுமா, வெளியே ஒன்று வாங்க வேண்டுமா? சிறு நிறுவனங்களுக்கான செய்முறை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு சிறு நிறுவனத்தின் கணினி வேலைகளைக் கவனித்து வந்தேன். அங்கே பையர்களின், அதாவது சரக்கு வாங்குபவர்களின், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தவர் வேலையை விட்டுப் போனார். மாதக் கட்டணம் வீணாகிறதே என்று அவருடைய மின்னஞ்சல் கணக்கை அன்றே நீக்கினோம். இரண்டு மாதம் கழித்து, சரக்கு போய்ச் சேர்ந்த பிறகு, நிறம் மாறியிருக்கிறது என்று பையர் விலையைக் குறைக்கச் சொன்னார். லேப் டிப் எனப்படும் சாயமிட்ட துணி மாதிரியைப் பார்த்து அவரே ஒப்புதல் எழுதிய மின்னஞ்சல் அந்தக் கணக்கில்தான் இருந்தது. கணக்கு இல்லை, கடிதமும் இல்லை. "எல்லாம் கிளவுடில் பத்திரமாக இருக்கிறது என்றுதானே சொன்னீர்கள்?" என்று முதலாளி கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. அந்தக் கேள்விக்குப் பிறகு எனக்காக வகுத்துக்கொண்ட படிகள்தான் இவை.

படி 1: ஒரு தாளில் எழுதுங்கள்

மின்னஞ்சல், டிரைவில் உள்ள கோப்புகள், டேலி கணக்கு, இணையதளத்தின் தரவுத்தளம் என்று உங்களிடம் இருப்பவற்றை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு விடைகள் வேண்டும். இது முடங்கினால் எத்தனை மணி நேரம் தாக்குப்பிடிப்போம்? மீட்கும்போது எவ்வளவு நேரத்து வேலை விட்டுப்போனால் பரவாயில்லை? பில் போடும் கடைக்கு நேற்றிரவு எடுத்த நகல் போதாது. விளம்பரப் படங்களுக்குப் போன வாரத்து நகலே போதும். இதைக் கணினிக்காரர் மட்டும் எழுதக் கூடாது. கணக்காளரையும் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

படி 2: உள்ளே இருப்பது எத்தனை நாள் நிற்கும் என்று பாருங்கள்

கூகுள் ஒர்க்ஸ்பேஸில் நீக்கிய கோப்பும் மின்னஞ்சலும் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும். அதன் பிறகு அட்மின் 25 நாளுக்குள் மீட்கலாம். பயனர் கணக்கையே நீக்கிவிட்டால் 20 நாள்தான் கெடு. மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒன்டிரைவ், ஷேர்பாயிண்ட் கோப்புகளுக்கு 93 நாள். குப்பையிலிருந்தும் நீக்கிய மின்னஞ்சலுக்கு வழக்கமாக 14 நாள், அமைப்பை மாற்றினால் 30 நாள். நீக்கிய பயனருக்கு 30 நாள். இவற்றை பேக்கப் என்று நினைத்துக்கொள்பவர்கள் மிகப் பலர். இது தவறியதைத் திரும்ப எடுக்கத் தரும் அவகாசம் மட்டுமே. மடிக்கணினியோடு ஒத்திசைவதும் பேக்கப் ஆகாது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இங்கே பூட்டிய கோப்பு பூட்டிய நிலையிலேயே அங்கே போய்ச் சேரும்.

கிளவுட் நிறுவனங்கள் உண்மையான பேக்கப்பும் விற்கின்றன. அமேசான் கிளவுடான ஏடபிள்யூஎஸ் 2019-இல் கொண்டுவந்த ஏடபிள்யூஎஸ் பேக்கப், மைக்ரோசாஃப்ட் கிளவுடின் அஸூர் பேக்கப், 2024-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த மைக்ரோசாஃப்ட் 365 பேக்கப் ஆகியவை இந்த வகை. இவற்றைத் தொடங்குவது எளிது, பில்லும் ஒன்றே. தரவு வெளியே போய்த் திரும்ப வேண்டியதில்லை என்பதால் மீட்பும் விரைவாக நடக்கும். அன்றாடத் தவறுகளுக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை.

படி 3: கணக்கே போனால் என்ன ஆகும் என்று கேளுங்கள்

முடிவை உண்மையில் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான்.

நிரல் கோப்புகளைச் சேமித்துக் கொடுத்துவந்த கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனம் அமேசான் கிளவுடில் இயங்கியது. 2014 ஜூனில் ஒருவன் அதன் நிர்வாகப் பலகைக்குள் புகுந்து பணம் கேட்டான். கடவுச்சொற்களை மாற்ற முயன்றார்கள். அவன் முன்கூட்டியே தனக்கு வேறு நுழைவுகளை உண்டாக்கி வைத்திருந்தான்; தரவையும் அதன் நகல்களையும் அழிக்கத் தொடங்கினான். சுமார் 12 மணி நேரத்தில் பெரும்பகுதி போய்விட்டது, நிறுவனமும் மூடப்பட்டது. அவர்களிடம் பேக்கப் இல்லாமல் இல்லை. தரவைத் திறக்கும் சாவியே பேக்கப்பையும் திறந்தது.

ஆறு லட்சத்துக்கும் அதிகமான உறுப்பினர்களைக் கொண்ட ஆஸ்திரேலிய ஓய்வூதிய நிதியம் யூனிசூப்பர். 2024 மே மாதம் கூகுள் கிளவுட் தரப்பில் நேர்ந்த அமைப்புத் தவறால் அதன் தனிக் கிளவுட் சந்தாவே நீக்கப்பட்டது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தும், சந்தா ஒன்றே என்பதால் இரண்டும் போயின. வேறொரு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப் மீட்புக்குக் கைகொடுத்தது. அந்த ஒரு ஏற்பாட்டைச் செய்தவரை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆகவே தாளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்றாவது கேள்வி ஒன்றையும் போடுங்கள்: "அட்மின் கடவுச்சொல் திருடனிடம் சிக்கினாலும் இந்த நகல் தப்புமா?" 'தப்பாது' என்று எழுத வேண்டிய இடமெல்லாம் வெளி பேக்கப் தேவைப்படும் இடம்.

படி 4: சட்டம் சொல்வதைச் சரிபாருங்கள்

பிரைவேட் லிமிடெட் உட்பட இந்தியாவில் பதிவான கம்பெனிகள், மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் நாள்தோறும் வைக்க வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்றிருந்த விதி 2022-இல் 'நாள்தோறும்' என்று மாறியது. புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். அமேசானுக்கு மும்பையிலும் ஹைதராபாத்திலும், மைக்ரோசாஃப்டுக்கு புனேயிலும் சென்னையிலும் மும்பையிலும், கூகுளுக்கு மும்பையிலும் டெல்லியிலும் தரவு மையத் தொகுதிகள் உண்டு. வெளி பேக்கப் வாங்கும்போது இந்திய இருப்பிடத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா என்று முதலில் கேளுங்கள். முடியாது என்றால் கணக்குப் புத்தகங்களுக்கு அது ஆகாது.

படி 5: முடிவெடுங்கள்

மின்னஞ்சலும் கோப்புகளுமே உங்கள் தொழில் என்றால் வெளி பேக்கப் வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். விலகிய ஊழியரின் கடிதத்தை மூன்று ஆண்டு கழித்தும் எடுத்துக் கொடுக்கும். ஏடபிள்யூஎஸ் தரவுத்தளத்தை நம்பி இயங்கும் தொழிலுக்கு உள் பேக்கப் நல்ல அடித்தளம். ஆனால் நகலில் ஒன்றைத் தனிக் கணக்குக்கு அனுப்பி, கெடு முடியும்வரை யாராலும் அழிக்க முடியாதபடி வால்ட் லாக் போட்டு வையுங்கள். மைக்ரோசாஃப்ட் பாதி, கூகுள் பாதி, அலுவலக சர்வர் ஒன்று என்று கலந்து வைத்திருப்பவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் வெளி மென்பொருளே வசதி. வீம், அக்ரோனிஸ், புனேயில் தொடங்கிய துருவா, நம் ஜோஹோவின் மேனேஜ்இன்ஜின் என்று பல உண்டு.

விற்பவரிடம் விலைக்கு முன்பே கேளுங்கள்: நகல் எந்தக் கிளவுடில் இருக்கிறது? அழிக்க முடியாதபடி பூட்டலாமா? தரவை வெளியே எடுக்கத் தனிக் கட்டணம் உண்டா? ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள்? பேக்கப்புக்கு நுழையும் கடவுச்சொல் அலுவலக அட்மின் கடவுச்சொல்லாக இருக்கவே கூடாது. இரட்டைச் சரிபார்ப்பையும் மறக்காதீர்கள்.

படி 6: மீட்டுப் பாருங்கள்

2017 ஜனவரி 31 அன்று, நிரல் கோப்புகளைச் சேமித்துத் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்புகளை நீக்கிவிட்டார். அன்றாட பேக்கப்பைத் தேடினார்கள். மென்பொருள் பதிப்பு பொருந்தாததால் அது எடுக்கப்படவே இல்லை. அதை எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் வந்து சேரவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்திருந்த ஒரு நகல்தான் காப்பாற்றியது.

மாதத்தின் முதல் சனிக்கிழமையை இதற்கென்று ஒதுக்குங்கள். பழைய மின்னஞ்சல் ஒன்று, எக்செல் கோப்பு ஒன்று, டேலி நகல் ஒன்று. மூன்றையும் வேறொரு கணினியில் மீட்டெடுங்கள். 'முடிந்தது' என்று திரை சொன்னதோடு எழுந்துவிடாமல் ஒவ்வொன்றையும் திறந்து, கடைசிப் பதிவின் தேதியைப் பாருங்கள். எத்தனை நிமிடம் ஆனது என்பதை முதல் படியில் எழுதிய அதே தாளில், அந்தந்த வரிக்கு எதிரே குறித்து வையுங்கள்.