டக்காரில் ஒரு செமஸ்டர்: அவசரத்தில் செய்யும் தவறுகள்

மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலின் தலைநகர் டக்காருக்குப் படிக்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பிரெஞ்சு மொழியை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். செனகலின் ஆட்சிமொழி பிரெஞ்சு. பாடம், தேர்வு, அலுவலகத் தாள்கள் எல்லாம் அதில்தான். ஆனால் வகுப்பை விட்டு வெளியே வந்ததும் காதில் விழுவது அங்கே பெரும்பாலோர் பேசும் வோலோஃப் மொழி. சந்தை, பேருந்து, தங்கியிருக்கும் வீட்டின் அடுக்களை என எங்கும் அதுதான். பிரெஞ்சு போதும் என்று வோலோஃபைத் தொடாமலே கிளம்பிவிடுவதுதான் என் கணக்கில் முதல் தவறு.

பெரிதாக ஒன்றும் வேண்டாம், நலம் விசாரிக்கத் தெரிந்தால் போதும். 'சலாம் அலைக்கும்' என்று தொடங்கி 'நங்கா தெஃப்?' என்று கேட்டால், 'மாங்கி ஃபி ரெக்' என்று பதில் வரும். 'இங்கேதான் இருக்கிறேன்' என்று பொருள். அப்புறம் வீட்டில் உள்ளவர்களைப் பற்றிக் கேட்பார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்த காரியம். துறை அலுவலகத்துக்குள் நுழைந்ததும் "மதிப்பெண் பட்டியல் எப்போது கிடைக்கும்?" என்று கேட்பவர், அலுவலரின் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைக்கலாம். எதிரில் இருப்பவருக்கோ அது முகத்தில் அடித்தது போல இருக்கும். வீட்டுக்கு வந்தவரிடம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் "என்ன வேலையாக வந்தீர்கள்?" என்று நாம் கேட்போமா?

அடுத்தது சாப்பாட்டுத் தட்டு. கையால் சாப்பிடத் தெரிந்த நமக்கு இதில் என்ன சிக்கல் என்று தோன்றும். தவறு நடப்பதே அந்தத் தைரியத்தில்தான். வாழை இலையில் பரிமாறியது முழுக்க நம்முடையது. அங்கே ஒரே பெரிய தட்டைச் சுற்றி எல்லாரும் உட்காருவார்கள். நமக்கு நேராக இருக்கும் பங்கு மட்டுமே நமக்கு. நடுவில் இருக்கும் மீனுக்கும் காய்க்கும் கையை நீட்டக் கூடாது. வீட்டு அம்மா அவற்றைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருப்பார். வலது கை மட்டும்தான். கரண்டி கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம். வயிறு நிறைந்துவிட்டால் 'சூர் நா' என்று சொல்லுங்கள். உடனே விட்டுவிட மாட்டார்கள், சிரித்துக்கொண்டே இன்னொரு முறை சொல்ல வேண்டியிருக்கும்.

சைவம் என்றால் அதைப் போன பிறகு சொல்வது பெரிய தவறு. 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த செபு ஜென் என்ற மீன்சோற்றில் மீன் வெந்த சாற்றில்தான் சோறே வேகிறது. மீனை ஒதுக்கிவிட்டால் அது சைவமாகிவிடாது. நீங்கள் தங்கப்போகும் வீட்டை முடிவு செய்யும் முன்பே எழுதித் தெரிவித்துவிடுங்கள். இன்னொன்று, அந்தச் சோறு நொய்யரிசி. இந்தியாவிலிருந்து செனகல் நிறைய நொய் வாங்குகிறது, அதனால் தட்டில் இருப்பது நம் பக்கத்து அரிசியாகவே இருக்கலாம்.

சாப்பிட்டதும் எழுந்து ஓடாதீர்கள். பச்சைத் தேயிலையில் போடும் அட்டாயா மூன்று சுற்று வரும். முதல் சுற்று கசக்கும், போகப் போக இனிக்கும். ஒரு மணி நேரம் தாராளமாகப் போகும். நீங்கள் தேடிப்போன பேச்சுத்துணை அந்த ஒரு மணி நேரத்தில்தான் கிடைக்கும்.

படிப்பு விஷயத்தில் இரண்டு தவறுகளுக்கு விலை அதிகம். ஒன்று, தேர்வு முடியும் தேதிக்கு மறுநாளே திரும்பும் விமானத்தைப் பதிவு செய்வது. டக்காரின் ஷேக் அந்தா ஜோப் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தம் புதிதல்ல. 1988இல் கல்வியாண்டு முழுவதுமே வீணானது. 2023 ஜூன் கலவரத்துக்குப் பின் வளாகம் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தது. தேதி மாற்றக்கூடிய டிக்கெட்டாக வாங்குங்கள். இரண்டாவது, மதிப்பெண். பிரெஞ்சு முறைப்படி 20க்குப் போடுவார்கள். 10 தேர்ச்சி, 14 நல்ல மதிப்பெண், 16 மிக நல்லது. 14ஐ 70 சதவீதம் என்று உங்கள் கல்லூரி நேரடியாகக் கணக்கிட்டால் நஷ்டம் உங்களுக்குத்தான். எப்படி மாற்றிக் கணக்கிடுவார்கள் என்பதைக் கிளம்பும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ் மாணவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்றும் உண்டு. செனகலின் முதல் குடியரசுத் தலைவர் செங்கோர் திராவிட, ஆப்பிரிக்க மொழி, பண்பாட்டு ஒப்பீட்டில் ஆர்வம் கொண்டவர். தமிழறிஞர் க. ப. அறவாணன் இதே டக்கார் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தவர். அந்த மொழி ஒப்பீட்டு முடிவுகளை இன்றைய மொழியியல் பொதுவாக ஏற்பதில்லை. இருந்தாலும் இந்த வரலாறு தெரியாமல் அந்த வளாகத்தில் நடந்துவிட்டு வருவது பெரிய இழப்பு.

உடல்நலத்தில் மறக்கக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. செனகலிலிருந்து திரும்புகிறவரிடம் அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். மலேரியா மாத்திரை பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள், குறிப்பாக மழைக்காலத்தில் தெற்கே கெடுகு பக்கம் போவதாக இருந்தால்.

டாக்சியில் ஏறும் முன்பே கட்டணத்தைப் பேசிவிடுங்கள், மீட்டர் கிடையாது. பத்தாயிரம் ஃபிராங்க் நோட்டை நீட்டினால் சில்லறை இருக்காது.

கோரே தீவுக்குப் படகில் இருபது நிமிடம்தான். அடிமை வாணிகத்தின் நினைவிடமாக உலகமே போற்றும் இடம் அது. அங்கே அருங்காட்சியகமாக இருக்கும் அடிமை வீட்டின் கடலை நோக்கிய வாசலில் நின்று செல்ஃபி எடுப்பதைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள்.

இடது கையை நீட்டக் கூடாது என்றாலும் அதற்கு ஒரு விலக்கு உண்டு. நீண்ட பயணம் கிளம்புகிறவரிடம் இடது கையால் கைகுலுக்கி விடைகொடுப்பார்கள். அந்தப் பிழையைச் சரிசெய்யவாவது அவர் திரும்பி வர வேண்டும் என்பதற்காக. கடைசி நாளில் வீட்டு அம்மா இடது கையை நீட்டினால் தயங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள்.