பழைய தோட்டப் புத்தகத்தில் ரோஜாவைத் தேடுவது எப்படி?

போன குளிர்காலத்தில் லண்டனில் எங்கள் அலாட்மென்ட் நிலம் (தோட்டம் போட வாடகைக்கு எடுக்கும் சிறு துண்டு நிலம்) உறைந்து கிடந்தது. மண்வெட்டி இறங்காது. சும்மா இருக்க முடியாமல் பிலிப் மில்லரின் தோட்டக்காரர் அகராதியைத் திறந்தேன். செல்சி மூலிகைத் தோட்டத்தை 1722 முதல் அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக நடத்தியவர் அவர். ரோஜாவைக் கவாத்து செய்வது பற்றி என்ன சொல்கிறார் என்று பார்க்க, தேடல் பெட்டியில் ஆங்கிலத்தில் 'ரோஸ்' என்று அடித்தேன். ஒன்றிரண்டு தலைப்புகள் மட்டும் வந்தன. ஒரு மாலை முழுவதும் வீணாகிப்போன பிறகுதான் விஷயம் பிடிபட்டது. உங்களுக்கு அந்த மாலை மிச்சமாகட்டும்.

படி 1: சரியான பிரதியை எடுங்கள்

இன்டர்நெட் ஆர்க்கைவ், பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகங்கள் இரண்டிலும் இலவசமாகக் கிடைக்கும். செடி சம்பந்தப்பட்ட நூல் என்றால் நான் இரண்டாவதற்குத்தான் போவேன். வெறும் எழுத்துக் கோப்பை மட்டும் இறக்காதீர்கள். பக்கங்களின் படமும் வேண்டும், காரணம் அடுத்த படியில். மில்லரின் முதற்பதிப்பு 1731-இல் வந்தது. ஆனால் தொடங்குபவர்களுக்கு 1768-இல் வந்த எட்டாம் பதிப்பே நல்லது. ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் வகுத்த, பேரினம், சிற்றினம் என்று இரண்டே சொல்லில் செடியைக் குறிக்கும் இரட்டைப் பெயர் முறையை மில்லர் அதில்தான் கைக்கொண்டார். அதற்கு முந்தையவற்றில் ஒரு செடியின் பெயரே ஒரு வாக்கிய நீளம் இருக்கும்.

படி 2: நெட்டை 'எஸ்'

நான் தடுக்கி விழுந்த இடம் இது. 1800 வாக்கில் கைவிடப்படும் வரை ஆங்கில அச்சில் சிறிய 'எஸ்' எழுத்துக்கு இரண்டு வடிவங்கள் இருந்தன. சொல்லின் கடைசியில் இன்று நாம் எழுதும் வளைந்த வடிவம். முதலிலும் நடுவிலும் நெட்டையான ஒன்று. அந்த நெட்டை எழுத்து பார்ப்பதற்கு அச்சு அசல் 'எஃப்' போலவே இருக்கும். கண்ணால் பிரித்தறிய ஒரு வழி உண்டு: 'எஃப்'பின் குறுக்குக் கோடு தண்டை வெட்டிக்கொண்டு இரண்டு பக்கமும் நீளும், நெட்டை 'எஸ்'ஸுக்கு இடப்பக்கம் ஒரு சிறு மூக்கு மட்டும். சாய்வெழுத்தில் அந்த மூக்கும் இருக்காது.

நம் கண் ஒரு பக்கம் படித்ததும் பழகிவிடும். கணினிக்கு அந்தப் பழக்கம் இல்லை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும்போது அது 'ரோஸ்' என்பதை 'ரோஃப்' என்று பதிந்துவைத்துவிடுகிறது. 'பார்ஸ்லி' 'பார்ஃப்லி' ஆகிறது. விதை என்று பொருள்படும் 'சீட்' சில இடங்களில் தீனி என்று பொருள்படும் 'ஃபீட்' ஆகிவிடுகிறது!

இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. பெரிய 'எஸ்'ஸுக்கு நெட்டை வடிவம் கிடையாது. அக்காலப் புத்தகங்கள் பலவற்றில் பெயர்ச்சொற்களைப் பெரிய எழுத்தில் தொடங்குவார்கள். ஆகவே பெரிய எழுத்தில் தொடங்கும் 'சீட்' ஒழுங்காகச் சிக்கும், தேடல் வேலை செய்கிறது என்று நம்பிவிடுவோம். விதைப்பதைக் குறிக்கும் வினைச்சொல்லான 'சோ' மட்டும் 'ஃபோ'வாகி ஒளிந்திருக்கும். தேடும் சொல்லில் 'எஸ்' இருந்தால், கடைசி எழுத்தை விட்டுவிட்டு மற்ற இடங்களில் 'எஃப்' போட்டு இன்னொரு முறை தேடுங்கள்.

(பிற்சேர்க்கை: தன்னிடமுள்ள பிரதியில் இந்தத் தந்திரம் பலிக்கவில்லை என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அண்மையில் எழுத்துப் பிரித்த கோப்புகள் சிலவற்றில் கணினி நெட்டை 'எஸ்'ஸைச் சரியாகவே படித்திருக்கிறது. இரண்டு விதமாகவும் தேடிவிடுங்கள்.)

தேடலே வேண்டாம் என்பவர்களுக்கு: எட்டாம் பதிப்பில் பக்க எண்கள் கிடையாது. அகர வரிசைதான் வழி. அக்கால அகராதிகளில் 'ஐ'யும் 'ஜே'யும் ஒரே எழுத்தாக நடக்கும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

படி 3: பெயரை இன்றைய பெயராக்குங்கள்

லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்தாரின் பிளான்ட்ஸ் ஆஃப் தி வேர்ல்ட் ஆன்லைன் தளத்தில் பழைய பெயரை இட்டால் இன்றைய பெயர் வரும். மில்லர் தக்காளியைச் சொலானம் பேரினத்திலிருந்து பிரித்து லைக்கோபெர்சிகான் என்று வைத்தார். இன்று அது மறுபடியும் சொலானம். நம் குண்டுமல்லியின் கதை இன்னும் வேடிக்கை. 1753-இல் லின்னேயஸ் அதைப் பவளமல்லியோடு சேர்த்து நிக்டாந்தஸ் பேரினத்தில் வைத்துவிட்டார். 1789-இல் கியூ தோட்டத்துச் செடிப் பட்டியலை வெளியிட்ட வில்லியம் ஐடன்தான் அதை ஜாஸ்மினத்துக்குக் கொண்டுவந்தார். பூக்காரம்மாவிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும்.

படி 4: தேதியைத் திருத்துங்கள்

இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு மறுநாளை 14 என்று அறிவித்தார்கள். ஆகவே ஜான் ஈவ்லின் 1664-இல் வெளியிட்ட தோட்ட நாட்காட்டியில் பிப்ரவரி முதல் தேதி என்பது நமக்குப் பிப்ரவரி 11. 1700 பிப்ரவரி வரை பத்து நாள் கூட்டுங்கள், அதன்பின் 1752 வரை பதினொன்று. பட்டாணி விதைக்கப் பத்து நாள் பெரிய விஷயமா என்று என் மனைவி கேட்டார். உறைபனி விழும் ஊரில் பெரிய விஷயம்தான்.

படி 5: செய்து பார்ப்பதற்கு முன்

மில்லரின் நூலில் பட்டை என்று பொருள்படும் 'பார்க்' என்ற ஆங்கிலச் சொல் வந்ததும் கடையில் மூட்டையில் விற்கும் மரப்பட்டை மூடாக்கு என்று நினைத்தேன். அது தோல் பதனிட்டபின் கழிக்கும் ஓக் பட்டை. குழியில் நிரப்பினால் நொதித்து மாதக்கணக்கில் சூடு தரும். அந்தச் சூட்டை வைத்துத்தான் இங்கிலாந்தின் குளிரில் அன்னாசி பழுக்க வைத்தார்கள். பூச்சிக்குப் புகையிலைத் தண்ணீர் தெளிக்கச் சொல்லும் பகுதியை மட்டும் படித்துவிட்டுக் கடந்துவிடுங்கள். நிகோடின் நமக்கும் நஞ்சு.

ரோஜாவைக் கடைசியில் 'ரோஃப்' என்று தேடிக் கண்டுபிடித்தேன். அதற்குள் அண்டை நிலத்துக்காரர் வந்து என் செடிகளைத் தானே வெட்டிவிட்டுப் போயிருந்தார்.