எக்கோ மெசினாலேயே ஐ.சி.யூ. கட்டிலடியில் மூளை இரத்த ஓட்டம் பார்க்கலாம்

இதற்கென்று தனி மெசின் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மயக்கத்தில் கிடப்பவரை ஏ9 வீதி வழியே யாழ்ப்பாணத்துக்கு ஏற்றுவதா, வன்னியிலேயே வைத்துப் பார்ப்பதா என்று நடுச்சாமத்தில் யோசிக்கிற டொக்டர்மாரான எங்களுக்கு, இதயம் பார்க்கிற எக்கோ மெசினின் புரோப் (உடம்பில் வைக்கிற கைப்பிடி) பெரும்பாலும் போதும். 1982இல் ரூன் ஆஸ்லிட் மண்டையைத் திறக்காமல் மூளை நாடிகளைப் பார்த்துக் காட்டியது 2 மெகாஹேர்ட்ஸ் கேளா ஒலி அலையால். எக்கோ புரோபும் ஏறக்குறைய அதே அலையில்தான் ஓடுகிறது.

புரோபைத் தொடுவதற்கு முன்னம் இரத்த அழுத்தம், காபனீரொட்சைட்டு, ஈமோகுளோபின், காய்ச்சல் நாலையும் தாளில் எழுதுங்கள். டொப்ளர் (ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் அலையை அளக்கிற முறை) காட்டுவது இரத்தத்தின் வேகத்தை, அளவை அல்ல. இந்த நாலில் எது மாறினாலும் வேகமும் மாறும், அதனால் இவை பக்கத்தில் இல்லாத அளவீட்டை நான் நம்புவதில்லை.

இனி நெற்றிப்பொட்டில், கன்ன எலும்பு வளைவுக்குச் சற்று மேலே, காதுக்கு முன்னால் தாராளமாக ஜெல் பூசி, புரோபின் அடையாளம் கண் பக்கம் பார்க்க வையுங்கள். ஆழத்தை 15 செ.மீ. அளவில் விட்டால் எதிர்ப்பக்க எலும்பு தெரியும், நடுவில் வண்ணத்துப்பூச்சி போல ஒரு கருமை தெரியும், அது நடுமூளை. அதற்கு முன்பக்கமாக டொப்ளர் கலரைப் போட்டால் புரோபை நோக்கிச் சிவப்பாக வருவது நடு மூளை நாடி. 45 முதல் 65 மி.மீ. ஆழத்தில் அலையைப் பிடியுங்கள். கிடைக்காவிட்டால் புரோபை மில்லிமீற்றர் கணக்கில் சரித்துச் சரித்துத் தேடுங்கள், அவசரப்பட்டு இடம் மாற்றாதீர்கள். பத்தில் ஒருவருக்காவது, முக்கியமாக வயதான அம்மாமாருக்கு, எலும்பு அலையை விடாது. சரி, அதற்கு ஓட்டம் இல்லை என்று அர்த்தமில்லை. இதே பவரோடு கண்ணின் மேல் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

கணக்கு லேசானது. ஒரு இதயத் துடிப்பில் உச்ச வேகம் 100, அடுத்த துடிப்புக்குச் சற்று முன் உள்ள கடைசி வேகம் 40 என்றால், கடைசியை இரட்டித்து உச்சத்தோடு கூட்டி மூன்றால் பிரிக்க சராசரி 60 செ.மீ./செக்கன். உச்சத்துக்கும் கடைசிக்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சராசரியால் பிரித்தால் பீ.ஐ. (துடிப்புச் சுட்டெண்) 1.0. இது நல்ல படம். அதே ஆளுக்குப் பிறகு 90உம் 15உம் வந்தால் சராசரி 40, பீ.ஐ. 1.9: மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறதா என்று பயப்பட வேண்டியதுதான், ஆனால் முதலில் வென்ரிலேற்றரைப் பாருங்கள், காபனீரொட்சைட்டைத் தேவைக்கு மேல் கழுவித் தள்ளினாலும் இரத்த அழுத்தம் விழுந்தாலும் இதே படம்தான் வரும்.

சராசரி 120ஐத் தாண்டினால் நாடி சுருங்கியிருக்கலாம். ஆனால் வவுனியாப் பக்கத்துச் சிறுநீரக நோயாளிகளுக்கு இரத்தம் குறைவாகவே இருக்கும், அதனாலும் வேகம் கூடும். கழுத்தில் மூளைக்குப் போகிற உட்கரோட்டிட் நாடியின் சராசரி வேகத்தையும் எடுத்து, மூளை நாடியின் சராசரியை அந்த வேகத்தால் பிரியுங்கள். 3க்கு மேலே போனால்தான் சுருக்கம் என்று எடுப்பேன்.

கட்டுவிரியன் பாம்பு கடித்தவர்களைத் தனியாகச் சொல்லவேண்டும். நிலத்தில் படுத்துறங்கியவர், கண்மணி அசையாது, கை கால் அசையாது, பார்ப்பவருக்கு மூளை செத்த ஆள் போலவே இருப்பார். விஷம் நரம்பைத்தான் கட்டியிருக்கிறது. டொப்ளரில் கடைசி வேகம்வரை ஓட்டம் நன்றாக இருந்தால் சொந்தக்காரரிடம் கைவிட்ட கதை கதைக்காமல் வென்ரிலேற்றரைத் தொடருங்கள்.

அலை கிடைத்த இடத்தைப் பேனையால் தோலில் குறித்து, ஆழத்தையும் சாட்டில் எழுதுங்கள், அடுத்த டியூட்டிக்காரர் அதே இடத்திலேயே வைக்கட்டும்.