பத்தமடைப் பாய்க்கடைக்குத் தமிழில் ஒரு டொமைன்: முதல்முறை வாங்குவோருக்கான செய்முறை

பாளையங்கோட்டையிலோ அம்பாசமுத்திரத்திலோ கடை வைத்திருப்பவர்களிடம் "வெப்சைட் பெயரைத் தமிழிலேயே வாங்கலாம் அண்ணாச்சி" என்று சொன்னால், "அதெல்லாம் நடக்குமாவே?" என்றுதான் முதலில் கேட்பார்கள். நடக்கும். முகவரியின் கடைசியில் '.காம்' வரும் இடத்தில் போடும் '.இலங்கை' 2010-லேயே வந்துவிட்டது. '.இந்தியா', '.சிங்கப்பூர்' இரண்டும் 2011-இல் சேர்ந்தன. டெக்னிக்கல் வேலை ஒரு மத்தியானத்துக்குள் முடிந்துவிடும். பெயரை எந்த எழுத்தில் வாங்குவது என்பதுதான் இழுத்தடிக்கும். அதனால் இந்தப் பதிவிலும் அந்தப் பகுதிதான் நீளம்.

உதாரணத்துக்குப் பத்தமடையில் கோரைப்பாய் விற்கும் ஒரு கடையை எடுத்துக்கொள்வோம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது?

டொமைன் பெயரைத் தேடிக் கொடுக்கும் டிஎன்எஸ் அமைப்பில் பெயர் வைக்கப் புழங்குபவை மொத்தம் 37 குறிகள்: ஆங்கில எழுத்து 26, எண் 10, இடைக்கோடு ஒன்று. உலகம் முழுக்க ஓடும் அந்த அமைப்பைப் பிரித்து மேய்வது ஆகிற காரியமில்லை. ஆகவே ஒரு சுற்றுவழி கண்டுபிடித்தார்கள். நீங்கள் தமிழில் அடிப்பதை பிரவுசரே ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு கோவையாக மாற்றி அனுப்பிவிடும். 2003-இல் தரமாக வெளியான இந்த முறைக்குப் பியூனிகோடு என்று பெயர். எக்ஸ், என், இரண்டு இடைக்கோடு என்று அந்தக் கோவை தொடங்கும். இனி அதை 'எக்ஸ்என் வடிவம்' என்றே சொல்கிறேன்.

'இந்தியா' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கம்ப்யூட்டருக்கு ஏழு: இ, ந, புள்ளி, த, இகரக் குறி, ய, கால். எக்ஸ்என் வடிவத்தில் அதுவே 17 குறியாகிவிடும். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவில் வரும் ஒரு பெயர் இந்த வடிவத்தில் 63 குறியைத் தாண்டக் கூடாது. தாத்தா பெயர், அப்பா பெயர், 'அண்ட் சன்ஸ்' எல்லாவற்றையும் போர்டில் எழுதுங்கள், டொமைனில் வேண்டாம்.

படி 1: எழுத்து யூனிகோடுதானா?

யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம். ஜங்ஷன் பக்கம் டிடிபி கடையில் அடித்து வாங்கிய விசிட்டிங் கார்டு ஃபைலில் இருந்து பெயரை அப்படியே காப்பி செய்யாதீர்கள். பல கடைகளில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்று தெரிவது உண்மையில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்து ஆங்கில விசைகள். திரையில் அழகான தமிழ், ஃபைலுக்குள் ஆங்கிலக் குப்பை. சரிபார்க்க எளிய வழி: பெயரை உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பாருங்கள். போனில் தமிழாகவே தெரிந்தால் யூனிகோடு. போன் கீபோர்டில் நீங்களே அடித்தால் இந்தத் தொல்லையே இல்லை.

படி 2: பெயரை முடிவு செய்வது

கல்யாணப் பாயில் மாப்பிள்ளை, பெண் பெயரை நெய்யும் முன் எழுத்தைக் கூட்டிப் பார்ப்பார்களே, அந்த நிதானம் இங்கே வேண்டும்.

டொமைனில் இடைவெளி கிடையாது. 'பத்தமடை பாய்' என்பதைச் சேர்த்தால் 'பத்தமடைப்பாய்'. இலக்கணப்படி நடுவில் ஒற்று மிகும். ஆனால் வாடிக்கையாளர் பாதிப்பேர் 'பத்தமடைபாய்' என்றுதான் அடிப்பார்கள். கணினிக்கு இவை இரண்டும் வெவ்வேறு முகவரிகள். ஒன்றை நீங்கள் வாங்கி, மற்றதை அடுத்த தெருக் கடைக்காரர் வாங்கினால் அவரைத் தடுப்பது லேசில்லை. என் யோசனை: இரண்டையும் வாங்குங்கள், ஒற்று உள்ளதைப் போர்டில் போடுங்கள். ஒன்றுக்கு மட்டும்தான் காசு என்றால், ஒற்று விழாத பெயராகத் தேடுங்கள். இடைக்கோடு போட்டும் தப்பிக்கலாம். அல்வாக் கடைக்காரர்களுக்கு அதுதான் வழி. 'திருநெல்வேலியல்வா' என்று புணர்ச்சி விதிப்படி எழுதினால் யாருக்கும் வாய் ஊறாது, 'திருநெல்வேலி-அல்வா' என்றால் ஊறும்.

ஊர்ப் பெயரிலும் கவனம். மண்பானைக்குப் பேர்போன ஊரைக் 'காருகுறிச்சி' என்றும் எழுதுகிறார்கள், 'காருக்குறிச்சி' என்றும் எழுதுகிறார்கள். கடைக்கு வருபவர்கள் நாலு பேரிடம் போனைக் கொடுத்து அடிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கை போகிற பக்கம்தான் நீங்களும் போக வேண்டும்.

அடுத்தது ஔகாரம். 'கௌரி'யில் வரும் ஔகாரக் குறி ஒரே குறி. ஆனால் பலர் ஒற்றைக்கொம்பு போட்டுப் பக்கத்தில் ள-வை வைத்து 'கெளரி' என்று அடித்துவிடுகிறார்கள். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. முதலாவதில் 'கௌ' இரண்டு குறி, இரண்டாவதில் மூன்று குறி. முகவரியும் வேறு. 'கவுரி ஸ்டோர்ஸ்' என்று வைத்துக்கொண்டால் வம்பே இல்லை. ஒகர, ஓகாரத்துக்கு இந்தப் பயம் வேண்டாம். அதைக் கொம்பும் காலுமாகப் பிரித்து அடித்தாலும் பிரவுசர் ஒன்றாக்கிக்கொள்ளும்.

தமிழ் எண்கள் வேண்டவே வேண்டாம். ௧ பார்க்க க மாதிரி, ௮ பார்க்க அ மாதிரி.

ஒரே பெயருக்குள் தமிழையும் ஆங்கிலத்தையும் கலக்காதீர்கள். 2017-இல் ஆப்பிள் கம்பெனியின் முகவரி போலவே தெரியும் ஒரு பெயரை முழுக்க ரஷ்ய வகை எழுத்துகளில் பதிவு செய்து காட்டினார் ஓர் ஆய்வாளர். எழுத்தை வைத்து இப்படி ஏமாற்ற முடியும் என்பதால் பிரவுசர்காரர்கள் இந்த விஷயத்தில் கெடுபிடியாக இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் பிரவுசர் உங்கள் அழகான தமிழ்ப் பெயருக்குப் பதிலாக எக்ஸ்என் வடிவத்தைக் காட்டிவிடும்.

படி 3: பதிவு

டொமைன் விற்கும் தளத்தில் '.இந்தியா' கிடைக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் பெயரோடு '.காம்' சேர்த்தும் வாங்க முடியும். ஆனால் முகவரியை அடிக்கும்போது பாதியில் கீபோர்டை மாற்ற வேண்டும். பாட்டிக்குக்கூடத் தெரியும்படி வேண்டும் என்றுதானே தமிழில் வாங்குகிறோம், '.இந்தியா'வே நல்லது.

தேடும் கட்டம் தமிழை ஏற்கவில்லையென்றால், பியூனிகோடு மாற்றி என்று தேடினால் இலவசக் கருவிகள் கிடைக்கும். பெயரை அதில் போட்டு எக்ஸ்என் வடிவத்தை எடுங்கள். அதைத் திரும்பத் தமிழுக்கு மாற்றி, நீங்கள் அடித்த பெயரே வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகு ஒரு நோட்பேடில் சேமித்துக்கொள்ளுங்கள், அடுத்த படியில் நாலு இடத்தில் ஒட்ட வேண்டியிருக்கும். மொழி கேட்டால் தமிழ் என்று தேர்ந்தெடுங்கள்.

படி 4: ஹோஸ்டிங்கில் இணைப்பது

ஹோஸ்டிங் என்பது உங்கள் தளத்தின் ஃபைல்களை வைக்கும் வாடகை இடம். இங்கே எல்லா இடத்திலும் எக்ஸ்என் வடிவத்தையே கொடுங்கள். நேம்சர்வர் (டொமைனின் விவரங்களைச் சொல்லும் கம்ப்யூட்டர்) மாற்றுவது, ஏ ரெக்கார்டு (தளம் இருக்கும் சர்வரின் எண் முகவரி) போடுவது எல்லாம் ஆங்கில டொமைனுக்குச் செய்வதுபோலத்தான். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் போகும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றை லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு 2016 முதல் இப்படிப்பட்ட பெயர்களுக்கும் இலவசமாகத் தருகிறது.

ஏற்கெனவே ஆங்கில முகவரியில் தளம் இருந்தால் தமிழ் முகவரியை அதற்கு ரிடைரக்ட் செய்துவிடுங்கள், தமிழில் அடிப்பவரும் தானாக அங்கேயே போய்ச் சேருவார். ஆங்கில முகவரியை விட்டுவிட வேண்டாம். வெளிநாட்டில் இருந்து பாய் கேட்பவர் கம்ப்யூட்டரில் தமிழ் கீபோர்டு இருக்கும் என்று சொல்ல முடியாது.

படி 5: சோதனை

போனிலும் கம்ப்யூட்டரிலும் வெவ்வேறு பிரவுசரில் கையால் அடித்துத் திறந்து பாருங்கள். முகவரிப் பட்டையில் இருந்து காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் பெரும்பாலும் எக்ஸ்என் வடிவம்தான் வரும். வாங்குகிறவர் "இது என்ன வைரஸ் லிங்கா?" என்று பயந்துவிடுவார். ஆகவே பகிரும்போது தமிழில் அடித்தே அனுப்புங்கள், அது லிங்க்காக மாறுகிறதா என்றும் பாருங்கள். போர்டில் போடும்போது '.இந்தியா' வரை முழுசாக ஒரே வரியில் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெயிண்டர் அதை ஊர்ப் பெயர் என்று நினைத்து அடுத்த வரிக்குத் தள்ளிவிடுவார்.

மின்னஞ்சலை மட்டும் இப்போதைக்குத் தமிழ் முகவரிக்கு மாற்ற வேண்டாம். 2012-இலேயே அதற்கும் தரம் வந்துவிட்டது, 2014 முதல் ஜிமெயிலில் இருந்து அப்படிப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பவும் முடியும். ஆனால் ஆன்லைன் படிவங்கள் பலவும் 'தவறான முகவரி' என்று திருப்பி அனுப்பிவிடும்.

கடைசியாக, டொமைனை உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். தளம் செய்து தரும் தம்பியின் கணக்கில் வேண்டாம். அவர் வேலை கிடைத்துச் சென்னைக்குப் போய்விட்டால், புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குத்தான் போகும்.