கை அச்சா, மெஷின் அச்சா? துணியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம்

மும்பை மங்கள்தாஸ் மார்க்கெட்டில் அஜ்ரக் (கட்ச், சிந்துப் பக்கத்து அச்சுத்துணி) கேட்டால் கடைக்குக் கடை விலை மாறும். டிசைன் ஒன்றுதான். ஆனால் ஒன்று மரக்கட்டையில் கையால் அச்சடித்தது, இன்னொன்று ஸ்கிரீனிலோ மெஷினிலோ ஓடியது. மாட்டுங்கா, தாராவி பக்கத்திலிருந்து சி.எஸ்.டி. வரை போய் வாங்குகிறவர்கள் பணத்தை எடுப்பதற்குமுன் இதைச் செய்யுங்கள்.

படி 1: "பூரா கோல்கே திகாயியே" என்று கேட்டு, துணியை இரண்டு மீட்டராவது விரிக்கச் சொல்லுங்கள். மடித்த துணியில் ஒன்றும் தெரியாது.

படி 2: இணைப்பைத் தேடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். அச்சுக்கட்டை சிறியது, துணி முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அடித்துக்கொண்டே போக வேண்டும். அதனால் இரண்டு அச்சு சேரும் இடத்தில் மெல்லிய இடைவெளியோ, சாயம் ஏறிய கோடோ இருக்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை என்பதால் சிவப்பு சில இடங்களில் கறுப்புக் கோட்டைத் தாண்டியிருக்கும்.

பிசிறு இருந்தாலே கை அச்சு என்று நம்பிவிடாதீர்கள். அந்தப் பிசிறையும் சேர்த்தே ஸ்கிரீன் செய்கிறவர்கள் உண்டு, கெட்டிக்காரர்கள்! ஒரு பிசிறைப் பிடித்துக்கொண்டு, அதே டிசைன் அடுத்து வரும் இடத்தைப் பாருங்கள். அச்சு அசலாக அதே பிசிறு, அதே இடைவெளியில் வந்துகொண்டே இருந்தால் கை அச்சு இல்லை. கட்டையிலேயே கீறல் இருந்தால் அதுவும் திரும்ப வரும்தான். ஆனால் சாயத்தின் அடர்த்தியும் இணைப்பும் இடத்துக்கு இடம் மாறும்.

மெஷினின் இந்தப் பிசகாத இடைவெளிக்கு வயது இருநூறுக்கு மேல். நம் சோழமண்டலக் கரையிலிருந்து போன அச்சுத்துணி மோகத்தைத் தாங்க முடியாமல் 1686இல் பிரான்சும், 1721இல் இங்கிலாந்தும் தடை போட்டன. அங்கே கம்பளி, பட்டு நெய்கிறவர்கள் பிழைப்புக்காக. அப்புறம் அந்த நாட்டுக்காரர்களே அச்சடிக்க இறங்கினார்கள். 1783இல் தாமஸ் பெல் செதுக்கிய செம்பு உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். உருளை ஒரு சுற்று சுற்றினால் அதே பூ திரும்ப வரும்.

படி 3: பின்பக்கம் பாருங்கள். அஜ்ரக்கை அவுரி (இண்டிகோ) என்ற நீலச் சாயத் தொட்டியில் முக்குவார்கள். நீலம் பின்னாலும் நன்றாக ஏறியிருக்கும். வெள்ளையாக நிற்பது சுண்ணாம்பும் பிசினும் கலந்து அடைத்த இடம். கறுப்பு, துருப்பிடித்த இரும்பை வெல்லத்தோடு ஊறவைத்து எடுப்பது. டிஜிட்டல் பிரிண்டில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறிக் கிடக்கும்.

படி 4: சாயத்தைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். கை அச்சு வேறு, இயற்கைச் சாயம் வேறு. செயற்கை நீலம் 1897இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது, கண்ணால் பிரிக்க முடியாது. ஈரக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்ப்பதும் வீண். அசல் அவுரியும் புதிதில் ஒட்டத்தான் செய்யும்.

ஆந்திரத்துக் கலம்காரித் துணி என்றால் இன்னொரு கேள்வி: பெடனாவா, காளஹஸ்தியா? மசூலிப்பட்டினம் பக்கத்துப் பெடனாவில் கட்டை அச்சு, காளஹஸ்தியில் 'கலம்' என்ற பேனாவால் கையால் வரைவது. வரைந்த கலம்காரி என்று சொல்லி மீட்டர் கணக்கில் மலிவாகக் கிழித்துக் கொடுத்தால், அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.